மகளிர் பெட்டியில் பூ கட்டிய அக்காவுக்கு

திங்கள்கிழமை காலை மும்பை லோக்கல் ரயிலில் முலுண்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் இறங்கிய அவசரத்தில், பழுப்பு உறையை இருக்கையிலேயே விட்டுவிட்டேன். உள்ளே எங்கள் 1986 பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ. ஓரத்தில், இப்போது உயிரோடு இல்லாத எங்கள் கணக்கு டீச்சர். வேறு யாரிடமும் பிரதி கிடையாது. 40 வருஷம் கழித்து அடுத்த மாதம் எல்லோரும் தாராவியில் கூடுகிறோம். அதற்காகத்தான் பிரேம் போட எடுத்துப் போனேன்.

எதிரே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா, தாதரில் இறங்கி, கூடையோடு வண்டி மாறித் திரும்பி வந்து, மாட்டுங்கா டிக்கெட் கவுன்டரில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பேர்கூடச் சொல்லவில்லையாம். உறையில் ஒரு மல்லிகை இதழ் ஒட்டியிருந்தது.

ரொம்ப நன்றி அக்கா. அன்றைக்கு எங்கள் எல்லோர் தலைக்கும் பூ உங்களிடம்தான் வாங்க வேண்டும். அதே வண்டியில் தேடி வருகிறேன்.