முகத்தோடு நிறுத்தாதீர்கள்: காட்பாடி, அரக்கோணம், ஜோலார்பேட்டை பக்கம் ரயில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

வளைவில் சாய்ந்து வரும் டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சின், முகத்தில் காலை வெயில், பின்னால் மங்கிக்கொண்டே போகும் பெட்டிகள். நம் பக்கத்தில் எடுக்கப்படும் ரயில் படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தால் ஒரு ஜன்னலின் அகலத்தைக்கூட எடுக்க முடியாது. மாதிரி ரயில் கட்டும் நாங்கள் உங்களிடம் கேட்பது இதுதான்: முகப் படம் எடுத்து முடிந்ததும் கேமராவைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். பக்கவாட்டையும் கூரையையும் அடிப்பாகத்தையும் எடுங்கள். எடுத்ததை முழு அளவில், விவரத்தோடு கொடுங்கள்.

இதில் அவசரம் உண்டு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். தன் பழைய வடிவப் பெட்டிகளைக் கட்டுவதை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. ஒரு பெட்டிக்கு ஆயுள் 25 ஆண்டு என்பது பொதுக் கணக்கு. ஒரு வண்டிக்குப் புது வடிவமான எல்.எச்.பி. பெட்டித் தொடர் வந்துவிட்டால் பழைய நீலப் பெட்டிகள் அதற்குத் திரும்புவதில்லை. காட்பாடி–விழுப்புரம் மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதை போய் அகலப் பாதை வந்த பிறகு என்ன ஆனது? இன்று தேடினால் எஞ்சின் படம் கிடைக்கிறது, பெட்டியின் பக்கவாட்டுக்கு ஏங்க வேண்டியிருக்கிறது. அகலப் பாதைப் பெட்டிகளுக்கும் அந்தக் கதி வர வேண்டாம்.

பக்கவாட்டுப் படத்துக்கு எதிர் நடைமேடையே போதும். உயர்நிலை நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. உயரம். அதன்மேல் நிற்பவரின் கண் ஏறத்தாழ 2.4 மீட்டரில் இருக்கும். பெட்டியின் கூரை ஏறத்தாழ 4 மீட்டர். ஆக, கேமரா தானாகவே பெட்டியின் நடு உயரத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. ஜல்லியில் இறங்கி நின்று அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் மேலே போகப் போகக் குவியும், ஜன்னல் உயரமெல்லாம் பொய்யாகும். தண்டவாளத்தில் இறங்குவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போகும் சங்கதி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எங்களுக்காகத் தயவுசெய்து இறங்காதீர்கள், அந்தப் படம் எங்களுக்கு உதவுவதும் இல்லை.

ஒரே படத்தில் முழுப் பெட்டியையும் அடக்கப் பார்க்காதீர்கள். ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21,337 மி.மீ., எல்.எச்.பி. 23,540 மி.மீ. எதிர் நடைமேடையிலிருந்து அதை அடக்க வேண்டுமானால் போனில் 0.5 என்ற அகலக் கோண லென்ஸுக்குப் போக வேண்டும். அது ஓரத்து ஜன்னல்களை இழுத்து நீட்டிவிடும். 2 மடங்கு ஜூமில் வைத்து, பெட்டிக்கு இணையாக நடந்துகொண்டே ஐந்தாறு துண்டுகளாக எடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் முந்தைய படத்தின் கடைசி ஜன்னல் மறுபடி விழ வேண்டும். போன் பெட்டிக்கு நேராக இருக்கட்டும், கொஞ்சம் திருப்பினாலும் ஒரு பக்கம் சுருங்கும். கதவு, கழிப்பறை ஜன்னல், போகி (இங்கே பெட்டியை அல்ல, அதைத் தாங்கும் சக்கரச் சட்டத்தைச் சொல்கிறோம்), பெட்டிக்கு அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி இவையெல்லாம் துண்டுகளில் வந்துவிட்டால் போதும், ஒட்டிக்கொள்வது எங்கள் வேலை.

படத்தில் போகி முழுதாகத் தெரிய வேண்டும் என்று ஏன் கெஞ்சுகிறோம் என்றால், அளவு எடுப்பதே அதை வைத்துத்தான். பலர் சக்கரத்தின் விட்டத்தை அளவுகோலாக எடுக்கிறார்கள். புதுச் சக்கரம் 915 மி.மீ. ஓடி ஓடி, கடைந்து கடைந்து, ஐ.சி.எஃப். பெட்டியில் அது 825 மி.மீ. பக்கம் வரை இறங்கும். தேய்ந்த சக்கரத்தை 915 என்று நம்பிக் கணக்குப் போட்டால் 1:87-இல் 245 மி.மீ. வர வேண்டிய ஐ.சி.எஃப். பெட்டி 272 மி.மீ. வந்துவிடும். அது கிட்டத்தட்ட எல்.எச்.பி.யின் நீளம்! ஒரே போகியின் இரண்டு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் தேய்வதில்லை: ஐ.சி.எஃப். 2,896 மி.மீ., எல்.எச்.பி. 2,560 மி.மீ. நடைமேடை விளிம்பு போகியை மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

ஓடும் வண்டியை எடுத்தால் வேறு தொல்லைகள். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 30 மீட்டருக்கு மேல் நகர்கிறது. ஷட்டர் 1/500 நொடி திறந்திருந்தால் அந்த நேரத்துக்குள் 6 செ.மீ. போய்விடும், பெட்டி எண் கலங்கும். 1/2000 வைத்தால் ஒன்றரை செ.மீ.தான், எழுத்து படிக்கக் கிடைக்கும். போனில் இன்னொரு சிக்கல்: சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் படிப்பதால், கடைசி வரிசை வருவதற்குள் வண்டி நகர்ந்து, நிமிர்ந்த கதவு சாய்ந்து விழும். அதை நேராக்கி அளவு எடுப்பதைவிட நிற்கும் வண்டிக்குக் காத்திருப்பது மேல். எல்.இ.டி. பெயர்ப் பலகைக்கு மட்டும் நேர் எதிர் விதி: வேக ஷட்டரில் பாதி எழுத்து அணைந்திருக்கும். வண்டி நின்றதும் 1/100 பக்கம் இறக்கி ஒன்று எடுத்துவிடுங்கள். எந்த வேகமானாலும் ஃபிளாஷ் கூடாது, லோகோ பைலட்டின் கண்ணைக் கூசச் செய்யும்.

வெளிச்சம் நம் ஊருக்கென்று தனிக் கணக்கு. சென்னை–ஜோலார்பேட்டைப் பாதை வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம் பக்கமெல்லாம் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகிறது. நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போகும், மற்ற மாதங்களில் தெற்கே. எனவே வண்டியின் தெற்குப் பக்கத்தை மார்கழி, தை மாதங்களில் ஏறக்குறைய நாள் முழுக்க எடுக்கலாம், வெயில் சாய்ந்து போகி வரை இறங்கும். வடக்குப் பக்கம் வேண்டுமானால் வைகாசி, ஆனியில் காலை எட்டரைக்குள் அல்லது மாலை நாலரைக்குப் பிறகு. சித்திரை உச்சி வெயிலில் எந்தப் பக்கம் எடுத்தாலும் அடிப்பாகம் கரும்பட்டையாகத்தான் வரும். வேலூர் கன்டோன்மென்ட், திருவண்ணாமலை செல்லும் பாதையும் பாகாலா பாதையும் பெரும்பாலும் வடக்கு தெற்கு: காலையில் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்கு. மெல்லிய மேகம் போட்ட நாளில் எல்லாப் பக்கமும் கிடைக்கும். உங்களுக்கு அது வீணான நாள், எங்களுக்கு விருந்து.

நிறத்தில் கை வைக்காதீர்கள். எல்.எச்.பி.யின் சிவப்பு போன் கேமராவில் சீக்கிரம் நிரம்பி, மடிப்பும் நிழலும் இல்லாத ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து, ஒயிட் பேலன்ஸை வெயில் குறியில் நிறுத்திவையுங்கள். ஃபில்டர் போட்ட படத்தைப் பார்த்துப் பெயின்ட் கலந்தால் பெட்டி மிட்டாய் நிறத்தில் முடியும்.

கூரைக்கு நடைமேம்பாலம். எஞ்சின் மேல் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பேன்டோகிராஃப் இருக்கும் இடம், ஏ.சி. எந்திரத்தின் மூடி, ஐ.சி.எஃப். கூரையின் காற்றுத் துளைகள் இவற்றைக் காட்டும் படம் அரிதிலும் அரிது. ஆனால் மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே பாயும். இரண்டு மீட்டருக்குள் எதுவும் போகக்கூடாது. செல்ஃபி குச்சி, உலோக ட்ரைபாட் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இருப்பதால் டிரோன் நினைப்பே வேண்டாம். ராணுவ வண்டிகளை எடுக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம். ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) காவலர் கேட்டால் எடுத்ததைக் காட்டி விளக்குங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். பிளாட்பார்ம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். வணிகப் படப்பிடிப்புக்கு ரயில்வேயின் முன் அனுமதி தனியாக வேண்டும்.

இனி விவரம். தேதி, இடம், வண்டி எண், எஞ்சின் அல்லது பெட்டி எண், எந்தத் திசைப் பக்கம் என்ற ஐந்தும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். ஆண்டை முதலில் எழுதினால் கோப்புகள் தாமே வரிசைப்படும். 12639 பிருந்தாவன் என்று மட்டும் எழுதினால் போதாது, அதில் எந்தப் பெட்டி என்று தெரிய வேண்டும். பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு. சரக்கு வேகனின் 11 இலக்க எண்ணில் ஐந்தாவதும் ஆறாவதும் அதைச் சொல்லும். எஞ்சின் உடம்பில் அதைப் பராமரிக்கும் ஷெட்டின் பெயர் இருக்கும், ராயபுரமா அரக்கோணமா ஈரோடா என்று அதைப் பார்த்துக் குறியுங்கள். பெட்டியின் முனைச் சுவரில் எழுதியிருக்கும் பி.ஓ.எச். (குறித்த காலத்துக்கு ஒருமுறை நடக்கும் முழுப் பராமரிப்பு) விவரத்தையும் ஒரு படம் எடுத்தால் அந்த வண்ணம் எப்போது பூசியது என்பது வரை ஊகிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், உள்ளே பதிந்த தேதியும் போகும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்படியே வந்து சேரும். ஆனால் டாக்குமென்டில் ஜி.பி.எஸ். இடமும் கூடவே போகும். வீட்டில் எடுத்த மாதிரி ரயில் படமானால், விலை உயர்ந்த பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்று முன்பின் தெரியாதவருக்கும் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதற்கு மட்டும் இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள். உங்கள் பெயர் முத்திரையைப் பெட்டியின் நெற்றியில் போடாமல் வானத்தில் போடுங்கள்.

மாதிரி ரயிலைப் படம் எடுப்பவர்களுக்கும் கொஞ்சம். நிஜ ஆளின் கண் உயரம் 1.6 மீட்டர் என்றால் 1:87-இல் அது 18 மி.மீ. மேசை பக்கத்தில் நின்று மேலிருந்து குனிந்து எடுத்தால் ஹெலிகாப்டர் படம்தான் வரும். போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தண்டவாளத்தோடு ஒட்டி இறங்கும். விளக்கு ஒன்றே ஒன்று, ஒரே திசையில். வானத்தில் ஒரு சூரியன்தானே. எடுக்கும் முன் மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள்: அரை மி.மீ. தூசு நிஜத்தில் 43 மி.மீ. கல். ஜல்லியும் அப்படியே, முக்கால் மி.மீ.க்கு மேல் போனால் தண்டவாளம் பாறையில் கிடப்பதாகத் தெரியும். நேர் முகப்பு வேண்டாம். நம் அகலப் பாதை 1,676 மி.மீ., 1:87-இல் 19.3 வர வேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. (1:87 அளவின் பெயர்) தண்டவாளமோ 16.5 மி.மீ. முன்னாலிருந்து எடுத்தால் வண்டி ஒல்லிக் காலில் நிற்கும் கொழுத்த ஆள் போல அந்தக் குறை பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் யாருக்கும் தெரியாது. இது மாதிரி ரயில் என்று மறக்காமல் எழுதுங்கள். கம்ப்யூட்டர் வரைந்த படமும் கலந்து உலவும் காலத்தில், இல்லாத வண்ணத்தை நிஜமென்று நம்பி யாரோ பூசிக்கொண்டிருப்பார்.

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு வாக்கு: உங்கள் படத்தைப் பார்த்துச் செய்த மாதிரியை வெளியிடும்போது உங்கள் பெயர் சேர்ந்தே வரும். அதிலிருந்து எண்களோ எழுத்துகளோ ஸ்டிக்கராக அச்சிட்டு விற்பதானால் முதலில் உங்களைக் கேட்போம்.

காட்பாடி–விழுப்புரம், காட்பாடி–பாகாலா மீட்டர் கேஜ் பெட்டிகளின் பழைய அச்சுப் படங்கள் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், அவைதான் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னே வேண்டியவை. போனால் படம் பிடித்து அனுப்பாமல், ஸ்கேனரில் 600 டி.பி.ஐ.யில் எடுங்கள். பின்புறத்தில் யாராவது ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். புதிதாகக் குறிப்பு எழுதுவதானால் பென்சிலால் ஓரத்தில் லேசாக. பால்பாயின்ட் பேனா அழுத்தினால் தடம் முன்பக்கம் வரை புடைத்துவிடும். கல்யாணப் படத்தின் பின்னணியில் ஒரு பெட்டியின் பாதி தெரிந்தாலும் சரி, அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாதிரி ரயில் கட்டுவோர் சிலர்,
வேலூர்.