ரசல் தெருவில் ஒரு கோடை: நன்றி மடல்

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

டப்ளின் நகரின் ரசல் தெருவில், குரோக் பார்க் விளையாட்டரங்கத்தின் அருகே இயங்கிவரும் ஃபைட்டிங் வேர்ட்ஸ் என்னும் படைப்பெழுத்து மையத்தில் இந்தக் கோடை விடுமுறையில் பயிற்சி மாணவியாகப் பணியாற்றினேன். அந்த வாய்ப்பு கிடைப்பதற்கும், கிடைத்த பின் அது பயனுள்ளதாக அமைவதற்கும் துணைநின்றவர்கள் பலர். அவர்களுக்கு நேரிலும் தொலைபேசியிலும் நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும், அவர்கள் செய்தது இன்னது என்பதை நாலு பேர் அறியச் சொல்வதுதான் முறை. மையத்தினருக்கு ஆங்கிலத்தில் தனியே கடிதம் கொடுத்திருக்கிறேன். ஊரில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

அவர்களுக்காக மையத்தைப் பற்றிச் சில வரிகள். எழுத்தாளர் ரோடி டாய்லும், அதற்கு முன் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் அயர்லாந்துப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஷான் லவ்வும் சேர்ந்து 2009இல் இதைத் தொடங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2002 முதல் நடந்துவரும் 826 வலன்சியா மையம்தான் இவர்களுக்கு முன்மாதிரி. லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் 2010இல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஆஃப் ஸ்டோரீஸ் உட்பட, இதே வழியில் பல நாடுகளில் மையங்கள் இருக்கின்றன. ரசல் தெருவில் எந்தப் பயிற்சிக்கும் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆங்கிலத்தில் மட்டுமின்றி ஐரிஷ் மொழியிலும் வகுப்புகள் உண்டு. நன்கொடைகளும் தன்னார்வலர்களின் நேரமும்தான் இதைத் தாங்கி நிற்கின்றன.

முதல் நன்றி என் அப்பாவுக்கு. அயர்லாந்தில் குழந்தைகளோடு பணியாற்றும் எவரும், சம்பளம் பெறுபவரானாலும் தன்னார்வலரானாலும், காவல்துறையின் பின்னணிச் சரிபார்ப்பை முடித்தாக வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். அதற்கான படிவத்தில் பிறந்ததிலிருந்து இன்றுவரை குடியிருந்த முகவரிகள் அனைத்தையும் எழுத வேண்டும். அஞ்சல் துறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு வந்த மாற்றல்களால் நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகள் ஒன்றிரண்டல்ல. அம்பாசமுத்திரத்தில் நான் கைக்குழந்தையாக இருந்த வீட்டின் தெருப்பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் கேட்ட அன்றிரவே அப்பா ஒரு முழுத்தாளில் கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண், குடிபுகுந்த மாதம், காலி செய்த மாதம் என்று வரிசையாக எழுதிப் படமெடுத்து அனுப்பினார். சங்கரன்கோவில் வீட்டுக்கு நேராக மட்டும், ‘கதவு எண் இடையில் மாறியது, பழையதும் புதியதும் கொடுத்திருக்கிறேன்’ என்று அடிக்குறிப்பு வேறு. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான தாளை நான் கண்டதில்லை.

அடுத்து, டப்ளினின் புறநகரான பிளான்சர்ட்ஸ்டவுனில் எனக்கு அறை கொடுத்த யாழ்ப்பாணத்து அக்காவுக்கும் அத்தானுக்கும். மே மாத இறுதியில் மாணவர் விடுதி ஒப்பந்தம் முடிந்துவிட்டது. டப்ளினில் மூன்று மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு அறை தேடுவது எவ்வளவு பாடு என்பதை இங்கே படிப்பவர்கள் அறிவார்கள். “படிக்கிற பிள்ளை, வந்து இரும், வாடகைக் கதையைப் பிறகு பார்ப்பம்” என்று அக்கா சொன்ன பிறகுதான் பயிற்சிக்கு ஒப்புதல் கடிதமே அனுப்பினேன். மாணவர் விசாவில் வந்தவர்கள் கல்விக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 40 மணி நேரமும் வேலை செய்யலாம். அந்த நான்கு மாத வருமானத்தை நம்பியே பலர் அடுத்த தவணைக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். சம்பளமில்லாத ஒரு பயிற்சியை நான் தேர்ந்தெடுக்க முடிந்தது அந்த வீட்டினாலும், எங்கள் துறை வழங்கிய சிறு உதவித்தொகையினாலும்தான். விண்ணப்பத்தைப் படித்துத் திருத்திய மேற்பார்வைப் பேராசிரியருக்கும், விசா விதிகளுக்கு உட்பட்டதா என்று பொறுமையாகப் பார்த்துச் சொன்ன பன்னாட்டு மாணவர் அலுவலகத்தாருக்கும் என் நன்றி.

இனி மையத்தினருக்கு. இந்தப் பகுதியைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் மாதம் முழுவதும், பள்ளிகள் மூடும்வரை, தொடக்கப் பள்ளி வகுப்புகள் காலையில் வரும். முதலில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே கதையைத் தொடங்குவார்கள். நாயகன் யார், உற்ற நண்பன் யார், அவனுடைய மிகப் பெரிய ஆசை என்ன, மிகப் பெரிய பயம் என்ன என்பதை அவர்களே முன்மொழிந்து, வாக்கெடுத்து முடிவு செய்வார்கள். திரைப்படத்திலோ புத்தகத்திலோ ஏற்கெனவே உள்ள பாத்திரத்துக்கு இடமில்லை. ஒருவர் கதையைத் தட்டச்சு செய்யத் திரையில் வரிகள் ஓடும். இன்னொருவர் படம் வரைவார். கதை உச்சத்தை எட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியைப் பிள்ளைகள் தனித்தனியே எழுதுவார்கள். புறப்படும்போது ஒவ்வொருவர் கையிலும் அவரவர் முடிவோடு கூடிய புத்தகம் இருக்கும்.

தட்டச்சு செய்யும் பொறுப்பை எனக்குக் கொடுத்த ஒருங்கிணைப்பாளர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: பிள்ளை சொன்ன சொல் எதுவோ அதுவே திரையில் வர வேண்டும். இதைவிட நல்ல சொல் நம் மனத்தில் இருந்தாலும் அது நம்மோடு இருக்கட்டும் என்றார். கேட்க எளிதான இந்த நிபந்தனைக்குள் எத்தனை மரியாதை இருக்கிறது என்பதை நாள் செல்லச் செல்லப் புரிந்துகொண்டேன். ‘உயரத்துக்குப் பயப்படும் கடற்புறா’ ஒன்றை நாயகனாக்கிய வகுப்பில், அது ‘படிக்கட்டு வழியாகவே வானத்துக்குப் போனது’ என்றாள் பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி. அந்த வாக்கியம் சொன்னபடியே திரையில் ஏறியதும் அவள் எழுந்து நின்று அதை வாய்விட்டு வாசித்தாள். நானோ வேறு எவருமோ அதில் கைவைத்திருந்தால் அவள் எழுந்திருக்கமாட்டாள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வாரந்தவறாமல் தன்னார்வலராக வருவார். ஒருநாள், ஐரோப்பாவின் வேறொரு மூலையிலிருந்து அண்மையில்தான் டப்ளினுக்குக் குடிவந்த ஒரு சிறுவன் வெள்ளைத் தாளைப் பார்த்தபடி வெகுநேரம் அமர்ந்திருந்தான். அம்மையார் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டிருந்தார். ‘எழுது’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கடைசியில் அவன் தன் மொழியில் இரண்டு வரி எழுதி, இது சரியா என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தான். அவர், “எனக்கு வாசித்துக் காட்டு” என்றார். அவருக்கு அந்த மொழி தெரியாது; ஆனால் முழுக் கவனத்தோடு கேட்டார், கேட்டு முடித்ததும், “பிறகு என்ன நடந்தது?” என்றார். அதன் பிறகு அவன் எழுதுவதை நிறுத்தவில்லை. அம்மையாரே, நான் படைப்பெழுத்தில் முதுகலை படிக்கிறேன். என் வகுப்பறையில் கற்ற பலவற்றைவிட உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்து கற்றதை நான் மேலாக மதிக்கிறேன்.

ஜூலையில் பதின்ம வயதினருக்கான கோடை முகாமில் உதவினேன். அங்கே எனக்கு வேலை குறைவு. அவர்கள் எழுதினார்கள், நான் கேட்டபோது படிக்கக் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. எழுதியதைப் பிறரிடம் நீட்டுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஹர்லிங் என்னும் ஐரிஷ் மட்டைப்பந்து விளையாட்டுப் போட்டி நடக்கும் நாட்களில் குரோக் பார்க்குக்குச் செல்லும் கூட்டத்தால் தெரு நிறைந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லி, எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த அலுவலக நண்பரையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

வகுப்புகளை அழைத்து வந்த பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் எழுதும் நேரத்தில் நீங்கள் சற்றுத் தள்ளி அமர்ந்து, தினமும் பார்க்கிற அதே முகங்களைப் புதிதாகப் பார்ப்பதைக் கண்டேன். எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்ட எழும் விரலை மடக்கிக்கொள்வது ஓர் ஆசிரியருக்கு எளிதல்ல. எங்களை நம்பி அதைச் செய்தீர்கள்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமைகளில் தன்னார்வலராகத் தொடர மையம் அனுமதி தந்திருக்கிறது. அதற்கும் சேர்த்து நன்றி. டப்ளினில் படிக்கும் தமிழ் மாணவர்கள் யாரேனும் இங்கே வர விரும்பினால், பின்னணிச் சரிபார்ப்பு முடியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதை மனத்தில் வைத்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். முகவரிப் பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று கேட்டால், அப்பாவின் தாளை மாதிரிக்கு அனுப்பி வைக்கிறேன். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

என்றும் நன்றியுடன்,
படைப்பெழுத்து முதுகலை மாணவி,
டப்ளின்.