குலுக்கலில் இல்லாத சீட்டு

மாணவர் விவாதப் போட்டியின் தலைப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் இறுதிச் சுற்றில் நடுவர்களாக அமர்ந்த மூவரில் நானும் ஒருவன். "அடிமை முறையை எந்தச் சூழ்நிலையிலாவது அறத்தின்படி நியாயப்படுத்த முடியுமா?" என்பது நீங்கள் கொடுத்த தலைப்பு. முடியும் என்று பேசிய அணி வென்றது. அந்த அணிக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டவர்களில் நானும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது மதிப்பெண் தாளை நீட்டி, நான் விழிக்க வேண்டாம்.

போட்டி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், வென்ற அணியின் முதல் பேச்சாளர் என்னிடம் வந்தார். கையில் கோப்பை, முகத்தில் வெற்றிக் களை இல்லை. "ஐயா, நான் பேசியதற்குப் பதில் இருக்கிறதா?" என்று கேட்டார். எதிரணி பதில் சொல்லாததால் பதிலே கிடையாதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அது உள்ளே உறுத்தியிருக்கிறது. "இருக்கிறது தம்பி, நிறைய இருக்கிறது" என்றேன். அதற்குள் புகைப்படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். உங்கள் பெயருக்கு எழுதக் காரணம் உண்டு. கோணல் அவருடைய பேச்சில் இல்லை, போட்டியை நீங்கள் அமைத்த விதத்தில் இருக்கிறது.

இப்படி ஒரு தலைப்பை வைத்தே இருக்கக் கூடாது என்று சிலர் உங்களிடம் கோபித்துக்கொண்டார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கேட்கக் கூடாத கேள்வி என்று மூடி வைத்தால் அது மூடிக்குள்ளேயே புளிக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய படிப்பாளிகள் பலர் 'முடியும்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பக்கத்தையும் புரட்டாமல், தவறு என்று சொல்ல மட்டும் பழகிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம். எதிரணியில் பேசிய பெண் "இது கொடுமை, மனிதத்தன்மை அற்றது" என்று மூன்று முறை சொன்னார். நான்காம் முறை வாயெடுத்தபோது மணி அடித்தது. அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனாலும் தோற்றார்.

வென்ற மாணவர் முதலில் எடுத்தது போர்க் கைதிகளை. கொன்றிருக்க வேண்டியவனை உயிரோடு விட்டு வேலை வாங்கினால் அது கருணைதானே என்றார். இது அவர் கண்டுபிடித்ததல்ல. கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட ரோமானியச் சட்டப் பாடநூலில் இருக்கிறது. அடிமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே 'காப்பாற்று' என்ற வினையிலிருந்து பிறந்ததாக அந்த நூல் விளக்கம் சொல்கிறது. (நம் மொழி இத்தனை நாசூக்கு பார்க்கவில்லை. அடி என்றால் கால். அடிமை என்ற சொல்லைப் பிரித்தால் காலடிதான் தெரிகிறது, கருணை தெரிவதில்லை.) அதே நூலில் அந்த விளக்கத்துக்குச் சற்று முன்னால் இன்னொரு வரி வருகிறது: அடிமைத்தனம் இயற்கைக்கு மாறானது, நாடுகளின் வழக்கம் உண்டாக்கியது. அடிமைகளை வாங்கவும் விற்கவும் சட்டம் வகுத்தவர்களே எழுதிய வரி அது. எதிரணிக்கு அது தெரிந்திருந்தால் போதும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வாதத்தை எளிதாக உடைத்தார். போரில்கூட, வேறு வழியில்லை என்றால்தான் கொல்லலாம். ஒருவனைப் பிடித்து, கட்டி, வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது என்றால், கொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. செய்யக் கூடாத கொலையைச் செய்யாமல் விட்டதற்கு ஓர் ஆயுள் உழைப்பைக் கூலியாகக் கேட்க முடியாது. அந்தக் கைதிக்குப் பிறக்கும் குழந்தை எந்தப் போரில் வாள் எடுத்தது? 1662இல் அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியா, தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டமே போட்டது. தகப்பன் பண்ணை முதலாளியாகவே இருந்தாலும் பிள்ளை அவருடைய சொத்துக் கணக்கில்தான் சேர்ந்தது. அட்லாண்டிக் கடல் வழியாகச் சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. துறைமுகத்தில் வாங்க ஆள் காத்திருந்ததால்தான் உள்நாட்டில் ஆட்பிடிப்பும் அதற்கான சண்டைகளும் பெருகின. காப்பாற்றும் கதை அங்கே தலைகீழாகிவிடுகிறது.

அடுத்ததாக, சிலருக்குத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்தத் தெரியாது, நடத்துபவர் ஒருவர் வேண்டும் என்றார். அரிஸ்டாட்டிலின் பெயரையும் சொன்னார். அரங்கம் கை தட்டியது. அரிஸ்டாட்டில் இயற்கையிலேயே அடிமைகள் உண்டு என்று எழுதியது மெய். ஆனால் அவர் எழுதிய பக்கங்களைப் பொறுமையாகப் படித்தால், தடுமாறுவது அவர்தான் என்று தெரியும். சுதந்திர மனிதனின் உடலையும் அடிமையின் உடலையும் வேறுபடுத்திப் படைக்கவே இயற்கை விரும்புகிறது, ஆனால் பல சமயம் நேர்மாறாகவும் நடந்துவிடுகிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அடிமை முறை வெறும் வலுக்கட்டாயம், அதனால் அநீதி என்று தம் காலத்தில் சிலர் சொல்வதையும் குறித்து வைக்கிறார். அதே கி.மு. நான்காம் நூற்றாண்டில் அல்கிடாமஸ் என்ற கிரேக்கப் பேச்சுக்கலை ஆசிரியர், கடவுள் எல்லோரையும் சுதந்திரமாகவே விட்டார், இயற்கை யாரையும் அடிமையாக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். தறியின் ஓடம் தானாக நெய்யுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்படமாட்டார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதிய இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு வருகிறது. இயற்கை, பிறவி என்றெல்லாம் சுற்றிவிட்டு, விஷயம் வேலை ஆகவேண்டியதுதான் என்று அவரையும் அறியாமல் உளறிவிட்ட இடம் அது.

இயற்கையே அடிமையாகப் படைத்திருந்தால் காவலுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு? 1851இல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவது ஒரு நோய் என்று அறிவித்து, அதற்குக் கிரேக்க மூலத்தில் ஒரு பெயரும் சூட்டினார்: டிராபெட்டோமேனியா. அந்த நோய் வராமல் தடுக்க அவர் சொன்ன வழிகளில் சவுக்கும் இருந்தது. விடுதலை வேண்டும் என்ற ஆசையைப் பைத்தியம் என்று எழுதாமல் 'இயற்கை அடிமை' என்ற கொள்கை நிற்காது என்பதை அந்த மனிதர் நம் எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், பின்னாளில் அடிமை ஒழிப்புப் பேச்சாளரான பிரெடரிக் டக்ளஸ் அடிமைச் சிறுவனாக இருந்தபோது, அவருக்கு வீட்டு எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவருக்குத் தெரிந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார். படிக்கக் கற்றுக்கொண்டால் இவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான் என்பது அவர் சொன்ன காரணம். பையன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எந்த ஆசிரியரும் நடத்தாத பாடத்தை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் நடத்தி முடித்துவிட்டார். அறிவில்லாததால் அடிமை என்பது மேடைக்கு. அடிமையாகவே இருக்க அறிவு வந்துவிடக் கூடாது என்பது வீட்டுக்கு. எழுதப் படிக்கக் கற்பிப்பதைத் தடுக்கத் தென் மாநிலங்கள் பல சட்டம் இயற்றியதும் இதற்காகத்தான். பசுவுக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடுவதில்லை.

நல்ல எஜமானர் வாதத்துக்கு வருகிறேன். அன்று அரங்கத்தை வளைத்தது அதுதான், என்னையும்தான். பட்டினி கிடக்கும் சுதந்திர மனிதனைவிட, வேளாவேளைக்குச் சோறும் வைத்தியமும் கிடைக்கும் அடிமை எந்த வகையில் குறைந்தவன் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் மாணவர். நன்றாகக் கேட்டார். இதற்கு நான் பதில் சொல்வதைவிட, பதில் சொல்ல உரிமை உள்ளவர் ஒருவர் 1865இல் சொல்லிவிட்டார்.

அவர் பெயர் ஜோர்டன் ஆண்டர்சன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அடிமையாக இருந்து, விடுதலையாகி, ஒஹையோ மாநிலத்தின் டேட்டனில் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் பழைய எஜமானர் அவருக்குக் கடிதம் எழுதுகிறார்: திரும்பி வா, நன்றாக வைத்துக்கொள்கிறேன். ஆண்டர்சன் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட பதில் பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு வசை கிடையாது. அத்தனை மரியாதை. உங்கள் நேர்மையைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம், அதனால் பழைய சம்பள பாக்கியை அனுப்பிவையுங்கள் என்கிறார். நான் 32 ஆண்டு உழைத்தேன், மாதம் 25 டாலர். மனைவி மாண்டி 20 ஆண்டு, வாரம் 2 டாலர். மொத்தம் 11,680 டாலர். எங்கள் துணிக்கு நீங்கள் செலவழித்தது, மருத்துவர் எனக்கு மூன்று முறை வந்து போனது, மாண்டிக்கு ஒரு பல் பிடுங்கியது, இவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். வட்டியும் சேருங்கள். கடைசி வரியில், நீங்கள் என்னைச் சுட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று முடிக்கிறார்.

அந்தப் பல்லைக் கவனியுங்கள். வைத்தியம் கிடைத்ததே என்ற வாதத்தை ஆண்டர்சன் மறுக்கவில்லை, கழிவில் காட்டிவிட்டார். 52 ஆண்டு உழைப்புக்கு எதிரே ஒரு பல்லும் மூன்று மருத்துவர் வருகையும் எவ்வளவு பெறும் என்று பாருங்கள் என்கிறார். நல்ல எஜமானர் அந்த வைத்தியச் செலவை அடிமை சம்பாதித்த பணத்திலிருந்துதான் செய்தார். அவர் நாளைக்குக் கடன்பட்டால், செத்துப்போனால், மனம் மாறினால், அடிமையின் பிள்ளை ஏலத்துக்குப் போகும். எஜமானர் நல்லவராக இருப்பது அவருடைய விருப்பம். அடிமைக்கு அதில் பிடிமானம் ஏதும் இல்லை. சோறு கிடைப்பதும் அடிபடாமல் இருப்பதும் சலுகையாகிவிட்ட ஒரு வாழ்க்கையைத்தான் மாணவர் நமக்கு விற்றார்.

தானே விரும்பிக் கையெழுத்திட்டால் என்ன என்றும் ஒரு வரி சொன்னார். சுருக்கமாகச் சொல்கிறேன். சுதந்திரமாக இல்லாமல் இருப்பதற்குச் சுதந்திரம் வேண்டும் என்று கேட்பது சுதந்திரம் ஆகாது என்று 1859லேயே ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். நடைமுறையில் அந்தக் கையெழுத்து பெரும்பாலும் கடன் பத்திரத்தில்தான் விழுகிறது. அதனால்தான் 1956ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை கடனுக்குக் கொத்தடிமையாவதையும் அடிமை முறைக்கு ஒப்பானவற்றில் சேர்த்தது. இது பழங்கதையும் இல்லை: 2021ஆம் ஆண்டுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில், கட்டாய உழைப்பில் இருப்பவர்கள் 2.76 கோடி பேர்.

'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்ற வாதத்தின் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. எல்லோரும் என்றால் யார்? ரோமில் அடிமைக் கலகம் நடத்திய ஸ்பார்டகஸோடு கிளம்பியவர்கள் எந்தக் காலம்? 1791இல் ஹெய்ட்டியில் கலகம் செய்து, 1804இல் தனி நாடே அமைத்தவர்கள் எந்தக் காலம்? அடிமைகளும் அந்தக் காலத்து மனிதர்கள்தான். வாக்கெடுப்பில் அவர்களை எண்ணாமல் விட்டுவிட்டு ஏகமனதாக நிறைவேறியது என்கிறோம். பிரிட்டன் 1833இல் ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது நட்ட ஈடாக 2 கோடி பவுன் கொடுத்தது, எஜமானர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. ஒழிக்கும்போதும் நட்டப்பட்டவர் யார் என்பதில் அந்தச் சட்டத்துக்குக் குழப்பமே வரவில்லை.

இப்போது உங்கள் போட்டிக்கு வருகிறேன். எந்த அணி எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கினீர்கள். நியாயமான முறைதான். ஆனால் அந்தக் கிண்ணத்தில் ஒரு சீட்டு குறைந்தது. அடிமை முறையை ஆதரித்துப் பேசுபவர் அந்த முறையில் எங்கே நிற்பார் என்ற சீட்டு. அது இல்லாததால், பேசிய எல்லோரும், மேடைக்கு எதிரே இருந்த நாங்களும், கேட்காமலே எஜமானரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டோம்.

மணப்பந்தலில் ஓலையை நீட்டி 'இவன் எனக்கு அடிமை' என்ற முதியவரிடம் சுந்தரர் என்ன கேட்டார் என்பது நினைவிருக்கிறதா? மனிதனுக்கு மனிதன் அடிமையா என்று அவர் கேட்கவில்லை. ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது உண்டா, உனக்கென்ன பித்தா என்றுதான் கேட்டார். வந்தவர் சிவன் என்பதால் கதை வேறு வழியில் போய்விட்டது. அந்த முதல் அதிர்ச்சியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஊரில் அடிமைகள் இருப்பது அவருக்கு அதிர்ச்சி இல்லை, 'நானா?' என்பதுதான் அதிர்ச்சி.

ஆபிரகாம் லிங்கன் தமக்கென எழுதி வைத்த ஒரு குறிப்பில் இதே முடிச்சைத்தான் பிடிக்கிறார். நிறம் வெளுப்பு என்பதால் கறுப்பனை அடிமையாக்கலாம் என்கிறாயா? உன்னைவிட வெளுத்த ஒருவன் எதிரே வந்தால் நீ அவனுக்கு அடிமை. அறிவு அதிகம் என்கிறாயா? உன்னைவிட அறிவாளியைச் சந்திக்கும்வரைதான் நீ எஜமான். வென்ற மாணவரிடம் அன்று யாராவது இதைக் கேட்டிருக்கலாம். நடுவர்கள் கேள்வி கேட்க உங்கள் விதியில் இடமில்லை.

கற்பனை உதாரணங்களே கூடாது என்று சொல்லவில்லை. தத்துவப் பேராசிரியர் ஆர்.எம்.ஹேர் 1979இல், அடிமை முறை நன்மை தருவதாக ஒரு தீவைக் கற்பனை செய்து அலசினார். நாம் அறிந்த உலகில் மனிதர்கள் அப்படி நடப்பதில்லை, அதனால் அடிமை முறை தவறு என்ற முடிவுக்குத்தான் வந்தார். அவர் ஜப்பானியர்களிடம் போர்க் கைதியாகச் சிக்கி, சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்டவர். தாமும் ஒரு வகையில் அடிமையாக இருந்தவர் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கட்டுரையைத் தொடங்குகிறார். அவர் எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அடுத்த ஆண்டும் இதே தலைப்பை வையுங்கள். ஆனால் இரண்டு அணிகளுக்கும் ஒரு வாரம் முன்பே வாசிக்கக் கொடுங்கள். அதில் அரிஸ்டாட்டிலும் இருக்கட்டும், ஆண்டர்சனின் கடிதமும் இருக்கட்டும். 'முடியும்' என்று பேசுபவர் தம் வாதத்தை முடித்ததும் கிண்ணத்திலிருந்து ஒரு சீட்டை எடுக்கட்டும். எஜமான் என்று வந்தால் அப்படியே அமரலாம். அடிமை என்று வந்தால், தாம் சொன்ன அதே காரணங்களைத் தமக்கே பொருத்தி இரண்டு நிமிடம் பேசட்டும். நடுவர்களுக்குக் கேள்வி கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அன்று மொழிநடைக்கு நான் போட்ட மதிப்பெண்ணை மாற்றக் கேட்கவில்லை, அது அவருக்கு உரியது. வாதத்துக்கு இருபதுக்குப் பதினெட்டு போட்டிருந்தேன். அதை எப்படிப் போட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அந்த மாணவரின் முகவரி உங்களிடம் இருக்கும். இந்த மடலின் ஒரு படியை அவருக்கும், ஒரு படியை மணி அடித்தபோது பாதியில் நின்ற அந்தப் பெண்ணுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நடுவர்களில் ஒருவன்