டேஷ்போர்டைக் கழற்றாதே, முருகேசா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் சொல்லும் வரை மாடிப்படி ஏற விடாதே. இங்கே சின்னவள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல்தான் படிப்பேன் என்று நின்று சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையானால் பட்டறைக்கு வந்துவிடுகிறாள். வோல்ட் பார்க்கும் மீட்டர் அவள் கையில்தான்.

சரி, உன் வண்டி ஏசிக்கு வருகிறேன். டிரைவர் பக்கம் அனல், பக்கத்து சீட்டுக்கு ஜில்லென்று காற்று. கேஸ் இரண்டு தடவை ஏற்றியும் பயனில்லை, டேஷ்போர்டை இறக்கி, காற்றை ஹீட்டர் பக்கமோ குளிர் பக்கமோ திருப்பும் சின்னக் கதவான ஃப்ளாப்பின் மோட்டாரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து இப்போது கழற்றாதே. கேஸ் குறைந்தாலும் ஒரு பக்கம் கூலிங் மட்டாக இருக்கும், அது உண்மைதான். ஆனால் ஹீட்டர் போட்ட மாதிரி அனல் அடிக்காது. உன்னுடையது ஃப்ளாப் ஹீட்டர் பக்கம் நின்றுபோன கோளாறு. ஃப்ளாப் நின்றுவிட்டால் மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

போன மாதம் இதே கோளாறோடு ஒரு கார் வந்தது. அதில் ஐந்து ஒயர் மோட்டார். அவற்றில் இரண்டு, மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்ட. மீதி மூன்றும் ஃப்ளாப் எங்கே நிற்கிறது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டருக்கு: 5 வோல்ட், எர்த், சிக்னல். வண்டிக் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரில் ஃப்ளாப்பைக் கடைசி வரை போகச் சொன்னேன். டேஷ்போர்டுக்குள் ‘உர்ர்’ என்று இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றது. திரையில் நிலை மட்டும் துளியும் அசையவில்லை. மோட்டார் ஓடுகிறது, ஓடியது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

மோட்டாரில் ஒயர்களை மாட்டும் கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி அளந்தோம். 5 வோல்ட் ஒயரில் 4.98. சிக்னலில் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்டுக்குள் ஏதாவது ஒன்று வரவேண்டும். அங்கேயும் 4.98. சின்னவள் எர்த் ஒயரில் வைத்தாள். அதிலும் 4.98! எர்த் அறுந்தால் இப்படித்தான். கரண்ட் போக வழியில்லாமல் மூன்று ஒயரிலும் ஒரே வோல்ட் நிற்கும். கப்ளரைக் கழற்றிவிட்டு, கருப்பு முனையை பாடியில் வைத்து அளந்திருந்தால் 5 வோல்ட் நன்றாகத்தான் காட்டியிருக்கும்; மோட்டார்மேல் பழி விழுந்திருக்கும். இந்த இடத்தில்தான் பல பட்டறையில் நல்ல மோட்டாரைத் தூக்கி எறிகிறார்கள். வண்டிக்காரன் வயிறெரியப் பணம் கட்டுகிறான். எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.

“பக்கத்து சீட்டு மோட்டாருக்கும் இதே எர்த்துதான், அது எப்படி வேலை செய்யுது?” என்றாள் மகள். ஒயரிங் படத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அதிலேயே விடை இருந்தது. இரண்டுக்கும் எர்த் பிரியும் இடம் வரை நன்றாக இருக்கிறது. அதிலிருந்து டிரைவர் பக்கம் வரும் துண்டில்தான் கோளாறு. அந்தத் துண்டில் நடுவே ஒரே ஒரு கப்ளர், டிரைவர் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில். பேனலை எடுத்ததும் ஈர வாடை. கப்ளருக்குள் எர்த் ஒயரின் உலோகப் பின் பச்சை பூத்துக் கிடந்தது; ஒயரை லேசாகத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வைப்பருக்கு அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையை வேப்பிலை அடைத்து, மழைத் தண்ணீர் அத்தனையும் உள்ளே இறங்கியிருக்கிறது. புதுப் பின் அடித்து, ஓட்டையைச் சுத்தம் செய்தோம். எர்த்தில் 0.01 வோல்ட். ஃப்ளாப்பின் நிலையை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்கியதும் இரண்டு பக்கமும் ஒரே குளிர். டேஷ்போர்டில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

உன் வண்டியில் ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் கதை வேறு. அது பெரும்பாலும் உள்ளே பிளாஸ்டிக் பல் உடைந்தது. அப்போது மாற்றத்தான் வேண்டும். எல்லா ஃப்ளாப்பும் சேர்ந்து செத்து, 5 வோல்ட்டே வரவில்லை என்றால் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார். எதைக் கழற்றும்போது வோல்ட் திரும்புகிறதோ, ஷார்ட் அந்தப் பக்கம். டெஸ்ட் லேம்ப்பை மட்டும் அந்த மூன்று ஒயர் பக்கம் கொண்டு போகாதே. பல்பு இழுக்கும் கரண்ட்டில் கம்ப்யூட்டரே போய்விடலாம். மீட்டர் போதும்.

நாளைக்குக் காலையில் மூன்று ஒயரையும் கப்ளர் மாட்டியபடியே அளந்து, மூன்று எண்ணையும் எனக்குப் போனில் சொல். எவ்வளவு நேரமானாலும் எடுப்பேன். தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
பழனி