செல்ஹர்ஸ்ட் பிரிட் ஸ்கூல் பற்றி

வணக்கம் பெற்றோரே. பிரிட் ஸ்கூல் என்பது தெற்கு லண்டனில் இசை, நாடகம், நடனம் போன்ற கலைகளைச் சொல்லிக் கொடுக்கிற பள்ளி. "பிரிட் ஸ்கூலுக்கு எவ்வளவு ஃபீஸ் கட்டவேணும்?" என்று போன கிழமை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டதால் இங்கே எல்லாருக்குமாகப் போடுகிறேன்.

ஃபீஸ் கிடையாது. பெயரைக் கேட்டால் தனியார் பள்ளி மாதிரித்தான் தெரியும். ஆனால் குரொய்டனில் 1991-ல் தொடங்கியதிலிருந்து அரசாங்கப் பணத்தில்தான் நடக்கிறது. பிரிட்டனின் இசை விருதுகளான பிரிட் விருதுகளோடு தொடர்புள்ள இசைத்துறை அறக்கட்டளையும் உதவுகிறது.

14 வயதில் ஒருமுறை, 16 வயதில் ஒருமுறை சேரலாம். பாடகி அடேல் 2006-ல் படித்து முடித்தது இங்கேதான். அதற்காகப் பாடுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மேடைக்கு லைட், சவுண்ட் போடுவது, படம் எடுப்பது, டிஜிட்டல் டிசைன் எல்லாம் உண்டு. எங்கள் கோயில் விழாவில் மைக் கீச்சிடும்போது முதலில் ஓடிப்போய் மிக்சரைத் திருகுகிற பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கிறது! ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) வயதுப் பிள்ளைகள் கணக்கு, இங்கிலிஷ், சயன்ஸும் படிக்கத்தான் வேண்டும். "படிப்பு கெட்டுவிடுமே" என்று கேட்ட அண்ணாவுக்கு இதுதான் பதில்.

தெரிவு என்று ஒன்று இருக்கிறது. செய்து காட்டச் சொல்வார்கள், பேசியும் பார்ப்பார்கள். வீடியோ எடுத்துப் பழகுகிறவர்கள் குக்கரை நிறுத்திவிட்டு எடுங்கள். என் மகளின் வர்ணத்தில் நடுவே மூன்று விசில்.

விண்ணப்பத் தேதியைப் பள்ளியின் இணையதளத்திலேயே பாருங்கள், ஃபார்வர்ட் மெசேஜை நம்ப வேண்டாம். திறந்த நாளுக்கு (பள்ளியைச் சுற்றிப் பார்க்க விடுகிற ஓப்பன் டே) சேர்ந்து போக விருப்பமானவர்கள் கீழே பெயர் போடுங்கள். செல்ஹர்ஸ்ட் ஸ்டேஷனில் சந்திப்போம்.