தொடரும் என்று போட்டுவிட்டுத் தொடராதவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்களுடன் தாங்கள் நடத்திய உரையாடலைச் சென்ற இதழில் படித்தேன். அதில் ஒருவர், காசு கொடுக்காமல் படிக்கிறவர்களுக்கு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டும் உரிமை கிடையாது என்ற பொருளில் பேசியிருக்கிறார். போகிற போக்கில் சொன்னதென்று விட்டிருப்பேன். தாங்கள் அதைத் தனியே எடுத்துக் கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள். கட்டம் கட்டும் அளவுக்கு அந்தக் கருத்தில் என்ன கண்டீர்கள் என்பது இந்த வாசகிக்கு விளங்கவில்லை.

என் மாமியாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, கண்ணில் புரை. மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் கைப்பேசியில் தொடர்கதையை வாய்விட்டுப் படிப்பதும் அவர் கேட்பதும் எங்கள் வீட்டு வழக்கம். கண்ணால் மட்டும் மேய்ந்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாத குறையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். கூடத்தில் குடும்பமே நின்று சண்டை போடுகிற ஒரு கட்டம். பத்தி பிரிக்கவில்லை, மேற்கோள் குறி இல்லை, யார் பேசுவது என்ற குறிப்பும் இல்லை. "இப்போ பேசறது நாத்தனாரா, பாட்டியா?" என்று மாமியார் கேட்டார். மேலே போய் மறுபடி படித்துப் பார்த்தேன், எனக்கும் பிடிபடவில்லை. இன்னும் நாலு வரி தள்ளி "என்றான்" என்று வந்த பிறகுதான், அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தவர் அந்த வீட்டுக் கார் டிரைவர் என்று தெரிந்தது. கதாநாயகி அழுகிற இடங்களில் வார்த்தைக்குப் பதிலாக மஞ்சள் முகங்கள் வரிசையாக அழுகின்றன. அவற்றை எப்படி உரக்கப் படிப்பது என்பதையும் அந்த எழுத்தாளர்களே சொல்லிக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

இப்படி எழுதுகிறவர்களில் பலர் பெண்கள் என்பதும், அலுவலகத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே தூக்கத்தை விட்டு எழுதுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அவர்களுடைய கதை சொல்லும் திறமையையும் நான் குறைத்து மதிக்கவில்லை. கதை நன்றாக இல்லாவிட்டால் படிப்பதை நிறுத்தியிருப்பேன், இந்தக் கோபமும் மிச்சமாகியிருக்கும். ஆனால் மூன்று வாரம் காணாமல் போய்விட்டு, "ஹாய் மக்களே" என்று வந்து, விருந்தாளி வந்தது, காய்ச்சல் வந்தது, பிள்ளைக்குப் பரீட்சை வந்தது என்று ஒரு பக்கத்துக்கு எழுத முடிகிறவர்களுக்கு, முன்கதைச் சுருக்கம் என்று இரண்டு வரி எழுத மட்டும் நேரம் கிடைப்பதில்லை. சில நாள், எபி என்று அவர்கள் சொல்லும் அத்தியாயத்தைவிட அதற்கு முன்னால் வரும் சொந்தக் கதை நீளமாக இருக்கிறது. ஒருமுறை ஒரு எழுத்தாளருக்கு, அத்தியாய எண் மாறிப்போயிருக்கிறது, திருத்தினால் நலம் என்று பணிவாக எழுதினேன். அடுத்த யூடியின், அதாவது அப்டேட்டின், தலைமாட்டில் என்னை "டீச்சரம்மா" என்று கிண்டல் செய்திருந்தார். எண் இன்றுவரை திருத்தப்படவில்லை.

பிழை விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று தாங்கள் கேட்கலாம். நான் பிறந்து வளர்ந்தது மும்பையில். மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகள் தாராவி போன்ற இடங்களில் உண்டென்றாலும், நான் படித்தது ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் மட்டும் சொல்லிக்கொடுத்த பள்ளியில். மாட்டுங்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் அப்பா, பையில் கறிவேப்பிலையோடு சேர்த்துக் கொண்டுவந்த வார இதழ்களின் தொடர்கதைகள்தாம் எனக்குத் தமிழ் வாத்தியார். என் மகள் இன்று அதே தமிழைக் கைப்பேசியில் வரும் தொடர்களிலிருந்து கற்றுக்கொள்கிறாள். கலைந்த கூந்தலைக் "களைந்த கூந்தல்" என்று எழுதினால், சென்னையில் இருக்கிறவர் சிரித்துவிட்டு மேலே படித்துவிடுவார். எங்கள் வீட்டில் அதுதான் பாடம். அச்சில் ஏறிய பிழையைத் திருத்த அந்தக் காலத்தில் வழியில்லை, அதனால் ஏறுவதற்கு முன்பே பார்த்தார்கள். இப்போது பதிவேற்றிய பிறகும் ஒரு நிமிடத்தில் திருத்தலாம், அதனாலேயே ஒருவரும் பார்ப்பதில்லை.

தங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் கல்கியின் "பொன்னியின் செல்வன்" வெளிவந்தது. மணியம் அந்தக் கதைக்கென்றே வரைந்த படங்களோடு அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் பைண்ட் செய்த தொகுதிகள் மாமியாரின் பிறந்த வீட்டிலிருந்து வந்தவை. இன்னும் எங்கள் லாஃப்டில் இருக்கின்றன. இன்றைக்கு யாரோ ஒரு நடிகரின் படத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டி, இவர்தான் நம் ஹீரோ என்கிறார்கள். அதே 1954 டிசம்பரில் கல்கி காலமானபோது "அமரதாரா" பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். மரணமே குறுக்கிட்டும் வாசகர்களை நடுத்தெருவில் விடவில்லை. நம் இணைய எழுத்தாளர்கள், அவர்கள் நூறாண்டு வாழ்க, கதாநாயகியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுப் புதுக் கதைக்கு டீசர் போடப் போய்விடுகிறார்கள்.

முடிக்கிறவர்களிலும் சிலர் கடைசி அத்தியாயங்களை மட்டும் தூக்கிவிட்டு, கிண்டிலில் வந்துவிட்டது, லிங்க் கீழே இருக்கிறது என்கிறார்கள். உழைத்தவர் காசு கேட்பது நியாயம், கொடுக்கவும் தயார். அதை முதல் அத்தியாயத்திலேயே சொல்வதுதானே முறை? கதையைத் திருடிப் பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விடுகிறவர்கள் மீது அவர்களுக்கு இருக்கிற கோபமும் நியாயமானதுதான். ஆனால் திருட்டுக்குப் பயந்து எழுத்தைப் படமாக்கிப் போடும்போது, கைப்பேசி அதைப் படித்துக் காட்ட மறுக்கிறது. விரலால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. திருடுகிறவனை அது தடுத்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று: குடும்பக் கதை மாதிரியே போய்க்கொண்டிருந்த ஒரு தொடரில் திடீரென்று நாயகன் நாயகியை அறைந்து அறைக்குள் இழுத்துப் போகிறான். ஆன்டி ஹீரோ கதை என்று தொடக்கத்தில் ஒரு வார்த்தை இருந்திருந்தால், மாமியார் முன்னால் நான் வாயடைத்து உட்கார்ந்திருக்க நேர்ந்திராது.

தங்கள் இதழிலும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடர் திடீரென்று நின்றுபோனது. தவிர்க்க இயலாத காரணங்களால் என்ற வழக்கமான வரிகூட வெளியாகவில்லை. அதுபற்றி நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வாராவாரம் தாங்கள் இணையத் தொடர்களை அறிமுகம் செய்கிறீர்கள். ஒவ்வொரு கதையின் பெயருக்குப் பக்கத்திலும், முடிந்தது, நடக்கிறது, நின்றுவிட்டது என்ற மூன்றில் ஒன்றை அச்சிட வேண்டுகிறேன். முடிந்த கதையானால் மொத்தம் எத்தனை அத்தியாயம் என்பதையும் சேர்த்தால் உதவியாக இருக்கும். முடிந்ததைத் தவிர வேறெதையும் இனி படித்துக் காட்டக் கூடாது என்று மாமியார் உத்தரவு போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
செம்பூர், மும்பை.