மென்பொருள் செய்த தப்புக்குக் கடைப்பையன் மேல் சந்தேகமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு வியாபாரிகள் எல்லாரும் கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறிவிட்டால் கணக்கில் தப்பே வராது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நாங்கள் மாறி ரொம்ப காலம் ஆகிவிட்டது ஐயா. கம்ப்யூட்டரே தப்பு செய்தால் யாரைப் போய்க் கேட்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் மென்பொருளுக்கு வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன் (கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, எல்லாரும் ஒரே லட்சணம்தான்). போன வருஷம் அவர்களாகவே ஒரு அப்டேட் ஏற்றினார்கள், அதிலிருந்து ஸ்டாக் ஒத்துப்போகவில்லை. டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார் என்று வழக்கமான வாடிக்கையாளர் மீதி 4 மாத்திரையைத் திருப்பிக் கொடுப்பார், நாங்களும் ரிட்டர்ன் பில் போடுவோம். புது அப்டேட் அதை 4 மாத்திரை என்று எடுக்காமல் 4 அட்டை என்று ஏற்றிக்கொண்டது. திரையில் அட்டை அட்டையாக இருக்கிறது, ஷெல்ஃபில் பார்த்தால் காலி. அதுவும் விலை கூடிய சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையில்தான் இது அதிகம், ஏனென்றால் அவைதான் அடிக்கடி மாறும், திரும்பி வரும்.

போன் செய்தால் முதல் பதில், "உங்க கடையில மட்டும்தான் சார் இந்தக் கம்ப்ளைண்ட், மத்த எல்லா இடத்துலயும் நல்லா ஓடுது." இரண்டாவது பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது. "கவுண்டர்ல நிக்கிற பையனைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க சார்." பத்தாவது முடித்ததிலிருந்து என்னோடு இருக்கிற பையன் அவன். பழைய ரிட்டர்ன் பில் எல்லாவற்றையும் எடுத்து ஸ்டாக்கோடு ஒட்டிப் பார்த்தேன், எங்கே தப்புகிறது என்று பிடிபட்டுவிட்டது. பக்கத்து ஊரில் அதே மென்பொருள் வைத்திருப்பவரைக் கேட்டால் அவர் கடையிலும் இதே கதை, அவரிடமும் "உங்க கடையில மட்டும்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டார்கள். "சில மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

இதே "உங்களுக்கு மட்டும்தான்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு பிரிட்டனில் ஜெயிலுக்கே போயிருக்கிறார்கள். அங்கே சின்ன தபால் நிலையங்களை மளிகைக் கடையோடு சேர்த்துத் தனியார்தான் நடத்துவார்கள், அவர்களில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களும் நிறைய. 1999-இல் தொடங்கி ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை எல்லா இடத்திலும் வைத்தார்கள், செய்தது ஃபுஜிட்சு. கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டினால் நடத்துகிறவர் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். வீட்டை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. திருட்டு, பொய்க்கணக்கு என்று 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள், அதில் பெரும்பாலான வழக்குகளைப் போட்டது தபால் நிறுவனமே. வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போன பெண்ணும் அவர்களில் ஒருவர்.

அந்த மென்பொருளின் லட்சணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில் 8,000 பவுண்டு வந்ததை வரவு வைக்கும்போது திரை உறைந்துவிட்டது. யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? என்டரைத் திரும்பத் திரும்பத் தட்டுவோம். தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரவு. 8,000 என்பது 32,000 ஆகி, 24,000 பவுண்டு காணவில்லை என்று கணக்கு காட்டியது! இது தவிர, ஃபுஜிட்சு ஆட்கள் தங்கள் இடத்திலிருந்தே ஒரு கிளையின் கணக்கில் கைவைக்க முடியும் என்பதும் உண்மை. அப்படி வழியே இல்லை என்று தபால் நிறுவனம் வருஷக்கணக்கில் சாதித்தது.

எனக்கு இதில் பெரிய அதிர்ச்சி சட்டம்தான். முன்பெல்லாம் அங்கே கம்ப்யூட்டர் கணக்கைச் சாட்சியமாகக் கொண்டுவந்தால் அது சரியாக வேலை செய்தது என்று கொண்டுவந்தவர்தான் காட்ட வேண்டும். 1999-இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் நிரூபிக்கட்டும். மளிகைக் கடைக்காரர் எதை வைத்து நிரூபிப்பார்? அப்படித் தபால் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர் சுமார் 20 வருஷம் விடாப்பிடியாக நின்று, 555 பேரைச் சேர்த்து வழக்கு நடத்தி, 2019-இல்தான் மென்பொருளில் பிழைகள் உண்டு என்று தீர்ப்பு வாங்கினார். 2024-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது. அதே வருஷம் ஃபுஜிட்சு அதிகாரி நாடாளுமன்றக் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார், பிழைகள் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றும் ஒப்புக்கொண்டார். தெரிந்தேதான் இத்தனையும்.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனியின் சமாச்சாரம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜூலை 19, அவர்களுடைய பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கின, ஹைதராபாதில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம், கையில் 20 தகவல் இருக்க 21-ஆவதைப் போய்ப் பார்க்கச் சொன்ன ஒரு கோப்பு. முதலில் கொஞ்சம் கணினிகளில் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் அதோடு போயிருக்கும். ஒவ்வொரு கணினியாகப் போய் அந்தக் கோப்பை அழித்தது வாங்கியவர்களின் ஆட்கள். கம்பெனி தன் கூட்டாளிகளுக்கு ஆளுக்கு 10 டாலர் சாப்பாட்டுக் கூப்பன் அனுப்பியது.

சரி, நம் சட்டம்? 2019 நுகர்வோர் சட்டத்தில் குறைபாடான பொருளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது, ஆனால் பொருள் என்றால் திடமாகவோ திரவமாகவோ வாயுவாகவோ இருக்க வேண்டுமாம். மென்பொருள் இதில் எந்த வகை என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த புது விதியில் மென்பொருளும் பொருள்தான் என்று எழுதியே வைத்துவிட்டார்கள், 2026 டிசம்பரில் அமலுக்கு வர வேண்டும்.

என் தொழிலில் ஒரு மருந்து தரமில்லை என்று ஆய்வில் தெரிந்தால், கம்பெனி பெயர், பேட்ச் நம்பரோடு மாதாமாதம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பட்டியல் வெளியிடுகிறது. அதைப் பார்த்து ஷெல்ஃபிலிருந்து எடுத்துவிடுவோம். கடைக்காரன்தான் கலந்துவிட்டான் என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. மென்பொருளுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்கிறேன். எந்த வெர்ஷனில் என்ன பிழை, எப்போது தெரிந்தது, கணக்கில் எதைத் திருப்பிப் பார்க்க வேண்டும், இவ்வளவுதான்.

இந்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்த பிரதிநிதியிடம், பிழை தெரிந்ததும் எல்லாக் கடைக்கும் எழுத்தில் தெரிவிப்போம் என்று ஒரு வரி சேர்த்துத் தரச் சொன்னேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான், இன்னும் ஆளைக் காணோம். அந்த வரி வரும்வரை கட்டணம் கட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர், கரூர்